காரணம் தெரியாத வயிற்றுப்புண்



"எத்தனை முறை மருந்து சாப்பிட்டாலும் அல்சர் திரும்ப வருகிறதே, காரணமே தெரியவில்லையே" என்று வருந்துகிறவர்களை வார்டுகளில் நாங்கள் சந்திக்கிறோம். அவர்களில் பலர் வலியோடு ஒரு பழியையும் சுமக்கிறார்கள். "கவலைப்படுகிறாய், காரம் தின்கிறாய்" என்று வீட்டார் சுமத்திய பழி அது. பெரும்பாலும் அது நியாயமற்றது.

முன்பெல்லாம் அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் புண் ஆறும். மருந்தை நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் 1982-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். அவருடைய இரைப்பையில் அழற்சி உண்டானது. 2005-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று கிருமியை முற்றிலும் ஒழித்துவிட்டால், அதனால் வந்த புண் பெரும்பாலும் திரும்புவதில்லை.

பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தால்? அந்த முடிவு சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதித்தால் கிருமி மறைந்திருக்கலாம். அதை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை 4 வாரமும் மருத்துவர் சொற்படி நிறுத்தியபின் பரிசோதிப்பதே முறை. புண்ணில் இரத்தம் கசியும் நேரத்தில் கிருமி இல்லையென்று வந்தாலும் பின்னர் மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது வலி மாத்திரை. "வேறு மருந்து எதுவும் இல்லை" என்று டாக்டரிடம் சொன்னவர், எங்களோடு பேசும்போது, "முழங்கால் வலிக்கு மட்டும் கடையில் வாங்கிப் போடுவேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதை மருந்தாகவே அவர் எண்ணவில்லை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனப்படுத்துகின்றன. ஆனாலும் இருதயத்திற்காகக் கொடுத்த ஆஸ்பிரினை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது.

மிக அரிதாக, கணையத்திலோ முன்சிறுகுடலிலோ உள்ள ஒரு கட்டி, அமிலத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்யும். 1955-ல் சோலிங்கர், எல்லிசன் என்போர் இதை விவரித்தார்கள். இரத்தத்தில் காஸ்ட்ரின் அளவைப் பார்ப்பது இதைக் கண்டறிய உதவும். இரைப்பையில் ஆறாத புண்ணானால், புற்றுநோய் இல்லையென உறுதிசெய்ய, என்டோஸ்கோப்பி வழியாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் பார்த்த பின்பும் சிலருக்குக் காரணம் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் வழி உண்டு: அமிலம் குறைக்கும் மருந்தை நெடுநாள் தொடர்வது, புகைப்பதை விடுவது, தவறாமல் மறுபரிசோதனைக்கு வருவது.

கறுத்த மலம், இரத்த வாந்தி, தாங்கமுடியாத திடீர் வயிற்றுவலி ஆகியவற்றில் எது கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உங்கள் வீட்டில் அல்சரால் அவதிப்படுகிறவர் இருந்தால் அவரைக் குறை சொல்லாமல், அவர் போடும் மாத்திரைகள் எவையெவை என்று பொறுமையாகக் கேளுங்கள். அவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுவாருங்கள்.