கைபேசியில் வரும் மழைப் படம்: ரேடார் எப்படி இயங்குகிறது?

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் போதும், சென்னையில் கைபேசிக்குக் கைபேசி ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். நடுவில் நகரம், சுற்றிலும் வட்டங்கள், வட்டங்களுக்குள் நீலமும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள். "ரெட் வந்துடுச்சு, துணியை எடுங்க" என்று மாடிக்கு ஓடுகிறோம். சில நாள் கொட்டித் தீர்க்கிறது. சில நாள் ஒரு துளிகூட விழுவதில்லை.

இதைப் புகைப்படம் போல நினைத்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். எந்தக் கேமராவும் இதை எடுக்கவில்லை. மழை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு கருவி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த விடைகளே அந்த நிறங்கள். கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் படத்தை நீங்களே படிக்கலாம். சமையலறையிலிருந்தே தொடங்குவோம்.

முதலில், பையனைக் கடைக்கு அனுப்புவோம்

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை. கடை எங்கே இருக்கிறது என்று சமையலறையிலிருந்து தெரியாது. வீட்டுப் பையனிடம் பையைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். அவன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுகிறவன். வழியில் எங்கும் நிற்காதவன். கடைக்குப் போய்ச் சேர்ந்த கணமே திரும்பிவிடுகிறவன். போய்வர ஆறு நிமிடம் ஆனால், கடை மூன்று நிமிட ஓட்டத்தில் இருக்கிறது. கடையைக் கண்ணால் பார்க்காமலேயே தூரம் தெரிந்துவிட்டது.

ரேடாரில் அந்தப் பையன்தான் ரேடியோ அலை. அதன் வேகம் நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். மழைத்துளியில் மோதியதும் அலையின் மிகச் சிறிய ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. 150 கிலோமீட்டர் தொலைவில் மழை பெய்தால், அலை போய்வர நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே ரேடாருக்குள் இருக்கும் முக்கியமான உறுப்புகளில் ஒன்று கடிகாரம். நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் ஒரு கூறை அது அளந்தால், தூரத்தில் 150 மீட்டரை அளந்ததாக அர்த்தம்.

பிறகு, எந்தத் தெரு?

தூரம் மட்டும் தெரிந்தால் போதாது, திசையும் வேண்டும். பையனை எந்தத் தெருவுக்குள் அனுப்பினோம் என்பது நமக்குத் தெரியும். எனவே அவன் கொண்டுவந்த பொருள் எந்தத் தெருக் கடையுடையது என்பதும் தெரியும். ரேடாரில் இந்த வேலையைச் செய்வது கிண்ண வடிவ ஆன்டெனா.

சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் வெள்ளை உருண்டை ஒன்று தெரியும். 2002இல் இயங்கத் தொடங்கிய வானிலை ரேடார் அது. உருண்டை வெறும் உறைதான்: காற்றையும் கடல் உப்பையும் தடுக்கும், அலையைத் தடுக்காது. உள்ளே எட்டரை மீட்டர் அகலமுள்ள கிண்ணம் சுழன்றுகொண்டிருக்கிறது. அது அலையை ஒரு பாகை அகலமுள்ள மெல்லிய கற்றையாகக் குவித்து ஒரே திசையில் அனுப்புகிறது. திரும்பி வருவதையும் அதே கிண்ணம்தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் முகத்தைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு அடுத்த சுற்று. இப்படிப் பல உயரங்களில் சுற்றி முடிக்கப் பத்து நிமிடம் வரை ஆகும். ஆகவே உங்கள் கைக்கு வரும் படம் எப்போதுமே சில நிமிடம் பழையது.

அலை எப்படிப்பட்டது?

அதன் உறவுக்காரரை நீங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஓடும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சென்னைத் துறைமுக ரேடாரின் அலை சுமார் 10 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே குடும்பம். 1940இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் இந்த நீள அலையைப் பெரும் ஆற்றலோடு உண்டாக்கும் மேக்னட்ரான் குழாயை உருவாக்கினார்கள். போர்க்கால ரேடார்களுக்காகப் பிறந்தது அது. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், வேலை செய்யும் ரேடார் குழாயின் அருகில் நின்றபோது தன் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அதிலிருந்துதான் அடுப்பு வந்தது.

மழைக்கு ஏன் 10 சென்டிமீட்டர்? குட்டையான அலைகள் கனமழைக்குள் நுழைந்ததுமே வலுவிழந்துவிடும். முன்னால் இருக்கும் மழை பின்னால் இருக்கும் மழையை மறைத்துவிடும். நீள அலை ஊடுருவிச் செல்லும். புயல் காலத்தில் கரையோரத்துக்கு இது மிகவும் அவசியம்.

அடுத்து, பையில் என்ன இருக்கிறது?

பையன் வந்துவிட்டான். இப்போது பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனத்தால் சரக்கு அதிகம். ரேடாரும் திரும்பி வந்த அலை எவ்வளவு வலுவானது என்று பார்க்கிறது. அந்த வலுவை டிபிஇசட் என்ற அளவில் சொல்கிறார்கள். இதில் 10 கூடினால் வலு பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. மழைக் கணக்குக்கு மார்ஷல், பால்மர் என்ற இருவர் 1948இல் தந்த வழிமுறை ஒன்று உண்டு. அதன்படி 30 டிபிஇசட் என்பது மணிக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான மழை. 40 என்பது 11 அல்லது 12 மில்லிமீட்டர். 50 என்றால் கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டர். படத்தின் ஓரத்தில் உள்ள நிற ஏணி இந்த எண்களைத்தான் காட்டுகிறது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். பை கனக்கிறது என்பதால் உள்ளே நிறையப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு பூசணிக்காயாகவும் இருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் துளியைவிட இரண்டு மில்லிமீட்டர் துளி அலையை 64 மடங்கு அதிகமாகத் திருப்பி அனுப்பும். மூன்று மில்லிமீட்டர் துளி 729 மடங்கு. ஆகவே பெரிய துளிகள் கொஞ்சம் இருந்தாலே படம் சிவந்துவிடும். ஆலங்கட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தக் குழப்பத்தைக் குறைக்கப் புதிய ரேடார்கள் கிடைமட்டமாக அதிரும் அலை, செங்குத்தாக அதிரும் அலை என்று இரண்டை அனுப்புகின்றன. பெரிய துளி விழும்போது காற்று அழுத்தித் தட்டையாகிவிடும் என்பதால் கிடைமட்ட அலைதான் அதிகம் திரும்பும். இரண்டையும் ஒப்பிட்டுத் துளியின் பருமனைக் கணிக்கிறார்கள்.

அவசரப்பட்டு அடுத்தவனை அனுப்பலாமா?

ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரட்டையர் இருவரைக் கடைக்கு அனுப்புவதாக வையுங்கள். முதல் பையன் திரும்புவதற்குள் இரண்டாமவனை அனுப்பிவிட்டால், வருவது யார் என்று தெரியாது. தூரக் கடைக்குப் போனவன் தாமதமாக வந்து சேர, "இப்போதுதானே போனான், கடை பக்கத்தில்தான்" என்று தப்பாக முடிவு செய்துவிடுவோம்.

அதனால் ரேடார் அலையைத் தொடர்ந்து கொட்டுவதில்லை. ஒரு துடிப்பு அனுப்பும், பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்கும், பிறகு அடுத்த துடிப்பு. நொடிக்கு 600 துடிப்பு அனுப்பினால் 250 கிலோமீட்டர் வரைக்கும்தான் குழப்பமில்லாமல் பார்க்கலாம். 300 ஆகக் குறைத்தால் 500 கிலோமீட்டர் வரை எட்டும். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தால், 600 துடிப்புக் கணக்கில் ஒரு மணி நேரம் இயங்கும் ரேடார் அலை அனுப்புவது மொத்தமாக இரண்டு நொடிக்குச் சற்று அதிகம். மீதி நேரமெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

கடை நகர்ந்தால்?

இப்போது கடைக்குப் பதிலாகத் தெருவில் ஒரு தள்ளுவண்டி வருகிறது. சம இடைவெளியில் பையன்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிறீர்கள். ஒவ்வொருவனும் முந்தையவனைவிடக் கொஞ்சம் சீக்கிரம் திரும்பினால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. கொஞ்சம் தாமதமானால் விலகிப் போகிறது. எவ்வளவு சீக்கிரம் என்பதைக் கொண்டு வேகத்தையும் சொல்லிவிடலாம். டாப்ளர் ரேடார் செய்வது இதைத்தான்.

வித்தியாசம் மிகமிகச் சிறியது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் துளி, நொடிக்கு 600 துடிப்பு என்ற கணக்கில், இரண்டு துடிப்புகளுக்கு இடையில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். 10 சென்டிமீட்டர் அலையின் முகடு எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்று பார்த்து ரேடார் அதைக் கண்டுபிடிக்கிறது. துளியைத் தள்ளுவது காற்று. ஆக, காற்றின் வேகமும் கிடைத்துவிட்டது. புயலின் மையத்துக்கு ஒருபுறம் காற்று நம்மை நோக்கி வரும், மறுபுறம் விலகிப் போகும். வேகப் படத்தில் இரண்டு நிறங்கள் அக்கம்பக்கமாக நிற்பதைக் கண்டால் அங்கே சுழற்சி இருக்கிறது என்று வானிலையாளர்கள் அறிந்துகொள்கிறார்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கட்டடமும் மலையும் நகர்வதில்லை. அவற்றில் மோதித் திரும்பும் அலையில் நேர மாற்றமே இருக்காது. எனவே அவற்றைச் சல்லடை போட்டு நீக்கிவிடலாம். ஆனால் வண்டி தெருவின் குறுக்கே கடந்தால் பையன்களின் நேரம் மாறாது அல்லவா? அதேபோல் ரேடாருக்குக் குறுக்கே வீசும் காற்றின் வேகத்தை அந்த ஒரு ரேடாரால் நேரடியாக அளக்க முடியாது.

சிவப்பு இருந்தும் ஏன் மழை இல்லை?

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். அலை ஏறக்குறைய நேராகப் போகிறது. பூமி வளைந்துகொண்டே கீழே இறங்குகிறது. அரைப் பாகை உயர்த்தி அனுப்பிய கற்றை 100 கிலோமீட்டரில் தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அங்கே தெரியும் துளிகள் கீழே வருவதற்குள் வறண்ட காற்றில் ஆவியாகலாம், காற்று வேறு ஊருக்குத் தள்ளிவிடலாம். கற்றைக்குக் கீழேயே பெய்யும் மழை படத்தில் வராமலும் போகலாம். நேர் தலைக்கு மேலே இருப்பதையும் ரேடாரால் பார்க்க முடியாது. காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா, பள்ளிக்கரணை என்று பல இடங்களில் ரேடார் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்.

ஆகவே படத்தைப் படிக்க நான்கு விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதலில், நேரத்தைப் பாருங்கள். யூடிசி என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இரண்டாவது, ஒற்றைப் படத்தை நம்பாமல் வரிசையாக நான்கைந்து படங்களைப் பார்த்து, திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, வளர்கிறதா தேய்கிறதா என்று கவனியுங்கள். மூன்றாவது, 'மேக்ஸ் இசட்' என்ற படம் அந்த இடத்துக்கு மேலே எந்த உயரத்தில் அதிக வலு இருந்தாலும் அதையே காட்டும். தரையில் விழும் மழைக்கு 'எஸ்ஆர்ஐ' என்ற படமே நெருக்கமானது. நான்காவது, இந்தப் படம் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் உதவும். கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்யப் படம் போதாது, வானிலைத் துறையின் எச்சரிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டைச் சுற்றி வேறு ரேடார்கள்

ரேடார் என்றதும் போர் விமானம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே, விமானத்தில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையைப் பிடித்துக் காட்டிய சோதனைக்குப் பின்னால் இருந்த ராபர்ட் வாட்சன்-வாட் வானிலைத் துறையில் வளர்ந்தவர். ரேடியோ மூலம் இடிமழையின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ந்தவர். போரில் விமானங்களைத் தேடியவர்களுக்கு மழை ஒரு தொல்லையாகத் திரையில் தெரிந்தது. போர் முடிந்ததும் அந்தத் தொல்லையே ஒரு துறையாகிவிட்டது.

இன்று நம்மைச் சுற்றியுள்ள ரேடார்களுக்கு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டிய தேவையில்லை. ஆள் நெருங்கினால் தானே திறக்கும் கடைக் கதவுகள் பலவற்றின் மேல் உள்ள சின்னப் பெட்டி, "யாராவது நகர்கிறார்களா?" என்று மட்டும் கேட்கிறது. காரின் முன்புறத்தில் ஒளிந்திருக்கும் ரேடார் நான்கு மில்லிமீட்டர் அலையைக் கொண்டு, "முன்னால் உள்ள வண்டி எவ்வளவு தூரம்? எவ்வளவு வேகமாக நெருங்குகிறது?" என்று இரண்டு கேள்வி கேட்டு, ஆபத்தென்றால் பிரேக்கைப் பிடிக்கிறது. ஆற்றுப் பாலங்களில் பொருத்தப்படும் ரேடார் நீர்மட்டமானி ஒரே கேள்விதான் கேட்கிறது: "கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" அந்தத் தூரம் குறையக் குறைய வெள்ளம் ஏறுகிறது என்று அர்த்தம், கரையோரத்து ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்ல அவகாசம் கிடைக்கிறது. மேகத்தில் துளியாக இருக்கும்போது ஒரு ரேடாரும், ஆற்றில் வெள்ளமாகப் பாயும்போது இன்னொரு ரேடாரும் ஒரே மழையை அளக்கின்றன. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: போய்வர எவ்வளவு நேரம்?