குட்டி ஆமையின் ஓட்டுக்கு ஈரம் வேண்டும்

வீடுகளில் வளரும் சுல்காட்டா ஆமைகள் பலவற்றின் ஓடு மேடு மேடாகப் புடைத்திருக்கும். அது அழகு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வளர்ச்சிக் கோளாறு. இளம் வயதில் கோணிய ஓடு பிறகு சீராவதில்லை. ஆகவே குட்டியின் இருப்பிடத்தைத் தொடக்கத்திலேயே சரியாக அமைப்பது அவசியம்.

வறண்ட நிலத்து உயிருக்கு ஈரம் எதற்கு?

சுல்காட்டாவின் தாயகம் சஹாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சாகேல் பகுதி. அதனால் காய்ந்த மணலும் சூடான விளக்கும் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அங்கே அது வெயிலுக்குத் தப்பி, வெளிக்காற்றைவிட ஈரமான வளைக்குள்தான் பெரும்பொழுதைக் கழிக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடு புடைப்பதற்கு உணவிலுள்ள புரதத்தைவிட ஈரப்பதக் குறைவே பெரிய காரணம் எனத் தெரியவந்தது.

பெட்டியும் தரையும்

ஒரு குட்டிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பெட்டி நல்ல தொடக்கம். பக்கச் சுவர்கள் வழியே வெளிப்புறம் தெரியாதபடி இருக்கட்டும். கண்ணாடிச் சுவரில் ஆமை ஓயாமல் முட்டிக்கொண்டிருக்கும். தரையில் மணல் வேண்டாம், விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ஈரமாக்கிய தென்னை நார்க்கழிவை 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடமும், எளிதில் ஏறி இறங்கத் தாழ்வான தண்ணீர்த் தட்டும் வையுங்கள். ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்க, மேற்புறத்தைப் பாதிக்குமேல் மூடிவைக்கலாம். ஏசி ஓடும் அறையில் காற்று விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

வெப்பமும் ஒளியும்

வெப்ப விளக்கின் கீழே 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 27 டிகிரி இருந்தால் ஆமை தனக்கு ஏற்ற இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். இரவிலும் வெப்பம் 26-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரும்.

உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அதை உண்டாக்கப் புற ஊதா பி கதிர் தேவை. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் ஏறக்குறைய இருக்காது. ஆகவே அந்தக் கதிரைத் தரும், ஊர்வனவற்றுக்கான குழல் விளக்கைப் பகலில் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். நாளடைவில், விளக்கின் ஒளி குறையாவிட்டாலும் கதிரின் வலு குறையும். தயாரிப்பாளர் சொல்லும் கால அளவில் விளக்கை மாற்றிவிடுங்கள்.

உணவு, குளியல், சுத்தம்

அருகம்புல், முசுக்கொட்டை இலை, செம்பருத்தி இலையும் பூவும் நல்ல உணவு. பழங்கள் வேண்டாம். நாள்தோறும் 15 நிமிடம், தாடை மூழ்காத வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். நலமாகத் தோன்றும் ஆமையிடமிருந்தும் சால்மோனெல்லா கிருமி பரவும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆபத்து.

மருத்துவரிடம் எப்போது?

ஓடு மென்மையாதல், கண் வீக்கம், மூக்கில் நீர்க்குமிழி, வாய் திறந்து மூச்சு விடுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்குவதற்கு முன்

இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். சுல்காட்டாவை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்று உள்ளங்கையில் அடங்கும் குட்டி 40 கிலோவுக்கு மேல் வளரும், 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதற்கான இடமும் பொறுப்பும் இருந்தால் மட்டும் முடிவெடுங்கள். பெட்டியை முதலில் அமைத்து, வெப்பமும் ஈரமும் சில நாள் நிலையாக நிற்பதை அளந்து பார்த்த பிறகே குட்டியைக் கொண்டுவாருங்கள்.