நியாஸ் மக்களின் திருமணப் பரிசம்: கொடையும் கடனும்

சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ளது நியாஸ் தீவு. இந்தோனேசியாவுக்குரிய இத்தீவின் மக்கள் தந்தைவழிக் குலமுறையினர். மணமான பெண் கணவன் இல்லத்தில் வாழ்வது இவர்தம் மரபு. இவர்களின் திருமணச் சடங்குகளில் மையமாக விளங்குவது மணமகன் வீட்டார் அளிக்கும் பரிசப்பொருள். ‘போவோ’ எனப்படும் இது பன்றி, பொன், அரிசி ஆகியவற்றால் அமையும். இச்சொல் கொடை, பெருந்தன்மை என்னும் பொருள்களையும் உடையது.

பரிசம் பெண்ணின் தந்தைக்கு மட்டும் உரியதன்று. அவள் தாய் பிறந்த குலம், தாயின் தாய் பிறந்த குலம் எனப் பெண் கொடுத்த கிளைகள் பலவற்றுக்கும் அதில் பங்குண்டு. பெண்ணைத் தந்த குலமே வாழ்வின் ஊற்று என்னும் கருத்தே இதற்கு அடிப்படை. ஆதலின் பெண் கொடுத்தோர் பெண் கொண்டோரினும் உயர்ந்தோராக மதிக்கப்பெறுகின்றனர். விருந்தில் வெட்டப்படும் பன்றியின் கீழ்த்தாடைப் பகுதி சிறப்புக்குரியோர்க்கு வழங்கப்படுவதும் இம்மதிப்பின் வெளிப்பாடே.

1865இல் செருமானிய ரைன் சமயப்பரப்புக் கழகத்தின் தெனிங்கர் இத்தீவுக்கு வந்தார். 1916இல் எழுந்த மனந்திரும்புதல் இயக்கத்திற்குப் பின் கிறித்தவம் விரைந்து பரவியது. முன்னோர் படிமங்களை வழிபடும் முறை மறைந்தது. திருமணத்தில் தேவாலய ஆசி இடம்பெற்றது. 1974ஆம் ஆண்டின் இந்தோனேசியத் திருமணச் சட்டம் பதிவை வேண்டியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இருபாலர்க்கும் மணவயதை 19 என வரையறுத்தது. எனினும் பரிசமுறை நீங்கவில்லை. பன்றியிறைச்சிக்குக் கிறித்தவம் தடை விதியாமையும் அதற்குத் துணைநின்றது எனலாம்.

மாறியது பரிசத்தின் இயல்பு. பொருளாக அளிக்கப்பட்டவற்றுள் பல பணமாகக் கணக்கிடப்படுகின்றன. உறவினர் உதவியால் திரட்டப்படும் பரிசம், பின்னர்த் திருப்பித் தரவேண்டிய கடனாக மணமகன் குடும்பத்தின்மேல் நிற்கிறது. அக்குடும்பத்திற்கு மருமகளாக வந்த பெண்ணும் அச்சுமையைத் தாங்க நேர்கிறது. கொடையைச் சுட்டிய சொல் கடனைச் சுட்டுவதாக வாழ்வில் திரிந்துள்ளது.

பரிசத்தைக் குறைக்க வேண்டும் என்னும் குரல்கள் அச்சமூகத்திற்குள்ளேயே எழுகின்றன. ஆனால், தொகையைக் குறைப்பது பல கிளையினரின் பங்கையும் மதிப்பையும் ஒருங்கே குறைப்பதாகும். எனவே, ஒரு தந்தையின் இசைவு மட்டும் இதற்குப் போதாது. பங்கின் அளவைச் சுருக்கினும் பங்குபெறும் உரிமையைப் பேணும் வழியே, உறவைக் குலைக்காமல் சுமையைக் குறைக்கக்கூடியது. அவ்வழி ‘போவோ’ என்னும் சொல்லின் பழம்பொருளுக்கும் இயைந்ததாகும்.