வாசற்படிப் பாடங்கள்

தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு மருத்துவக் கல்வி பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. எம்.பி.பி.எஸ். படிக்கும் என் தம்பி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "மனப்பாடம் பண்ணினது எல்லாம் வருது பெரியப்பா. கேள்வியை மாத்திக் கேட்டா ஒண்ணும் புரியலே. எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம்" என்று அழுதாள்.

அவளை மடக்கிய கணக்கு இதுதான். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய். அதற்கான டெஸ்ட், நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 5 பேருக்கு 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டும். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு அப்படி ரிசல்ட் வந்தால், உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அவள் சொன்னது 95 சதவீதம்.

1978-ல் அமெரிக்காவில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் டாக்டர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் சொன்னதும் 95 தான். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோயாளி ஒருவர், அவரை டெஸ்ட் கண்டுபிடித்துவிடும் என்று வைப்போம். மற்ற 999 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறான ரிசல்ட். ஆக 51 பேரில் ஒருவருக்கே நோய். அதாவது சுமார் 2 சதவீதம்! இது புரிந்த டாக்டர், ரிப்போர்ட்டைப் பார்க்குமுன் யாருக்கு, எதற்காக டெஸ்ட் எடுத்தோம் என்று யோசிப்பார்.

இத்தகைய கருத்துகளை 'வாசற்படிக் கருத்துகள்' என்று 2003-ல் பிரிட்டனில் மேயர், லேண்ட் என்ற கல்வியாளர்கள் விளக்கினார்கள். தாண்டுவது கடினம், தாண்டினால் பார்வையே மாறும், பழையபடி பார்க்க முடியாது. பிறகு இந்தச் சிந்தனை மருத்துவக் கல்விக்கும் வந்தது. ஆயிரம் பக்கப் பாடத்தில் வாசற்படி எது என்று ஆசிரியர் கண்டுகொண்டு, அங்கே நின்று நிதானமாக நடத்த வேண்டும் என்பதே இதன் பயன்.

எனக்கும் ஒரு படி இருந்தது. வெயிலில் தண்டவாளம் நீளும், அதற்காக இடைவெளி விடுவார்கள் என்று பள்ளியில் படித்தவன் நான். 1980-ல் வேலையில் சேர்ந்தபோது, இடைவெளியின்றி வெல்டிங் செய்த நெடுந்தண்டவாளத்தின் நடுப்பகுதி நீளுவதே இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடிப்பதால், நீள முடியாத தண்டவாளத்துக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். பல வாரம் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பின், மே மாத மதியத்தில் எந்தத் தண்டவாளமும் என் கண்ணுக்குச் சும்மா கிடப்பதாகத் தெரிந்ததில்லை.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். தாளில் ஆயிரம் பேரைப் போட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள்.

பிள்ளைகள் படிப்பில் தடுமாறினால், "மார்க் எவ்வளவு?" என்று கேட்குமுன் "எந்த இடத்தில் நிற்கிறாய்?" என்று கேளுங்கள். அது மந்த புத்தி அல்ல, வாசற்படியாக இருக்கலாம்.