குளிசை போட்டால் ஏன் சாப்பிட வேண்டும்?

நோன்பு நெருங்கினால், கோமாரியைத் தாண்டியுள்ள பொத்துவிலிலும் வடக்கே கல்முனையிலும், சீனி வருத்தமுள்ள முஸ்லிம் மக்கள் டாக்டரிடம் போய்க் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதுண்டு. நமது லயங்களிலோ, பெரட்டுக்கு நேரமாச்சு என்று குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு, வெறும் சாயத் தண்ணியோடு மலைக்கு ஏறுகிறவர்களைப் பார்க்கிறோம். இதுவும் ஒரு நோன்புதான். டாக்டருக்குத் தெரியாத நோன்பு.

இரைப்பைக்குப் பின்னால் உள்ள சதையியில்தான் இன்சுலின் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. கொழுப்பு என்றதும் தேங்காய் எண்ணெயை நினைக்க வேண்டாம். இது வேலை செய்கிற கொழுப்பு.

சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சீனி, கலத்துக்குள் போய்ச் சக்தியாகும். அந்தச் சக்தி சவ்விலுள்ள பொட்டாசியக் கதவை மூடும். உடனே வேறு கதவு திறந்து கல்சியம் உள்ளே வரும். பொதி பொதியாக இருக்கும் இன்சுலின், சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டும். சாப்பாட்டு நேரத்தில் நரம்பு வழியாகவும் ஒரு செய்தி வரும். அப்போது சவ்வின் உட்பக்கத்துக் கொழுப்பில் ஒருவகை இரண்டாக வெட்டுப்படும். ஒரு துண்டு உள்ளே சேமித்த கல்சியத்தை அவிழ்த்துவிடும்; மற்றது சவ்விலேயே நின்று வேலையைத் துரிதப்படுத்தும். சவ்வுக் கொழுப்பு இப்படி மாறுவதை ஹோக்கின் தம்பதியர் 1953இல் புறாவின் சதையியில் கண்டார்கள். முதல் துண்டின் வேலை 1983இல்தான் தெரியவந்தது.

ஆனால் நரம்புச் செய்தி கூட்டிக் கொடுக்குமே தவிர, இரத்தத்தில் சீனி குறைவென்றால் அதனால் பெரிதாக இன்சுலின் வராது. உடம்பு வைத்திருக்கும் காவல் அது.

கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் குளிசைகள் இந்தக் காவலைத் தாண்டிப் போகும். சீனி இருக்கிறதா என்று பார்க்காமல் நேரே பொட்டாசியக் கதவை மூடிவிடும். இன்சுலின் கொட்டும், வயிற்றிலோ ஒன்றுமில்லை. ஏற்றத்தில் கொழுந்தெடுக்கும் உடம்பும் சீனியை இழுக்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். குடித்திருக்கிறான் என்று பேசுகிறவர்களும் உண்டு, பாவம். உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள், பிறகு சாப்பாடு. தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மருந்து உடம்பில் நிற்பதால் மறுபடியும் வரலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மெட்போமின் வேறு வழியில் வேலை செய்வது. அதை மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்களுக்கு எது தருகிறார்கள் என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். பெரட்டுக்கு முன் சாப்பிட முடியாதென்றால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். நேரத்தையோ மருந்தையோ மாற்ற டாக்டருக்கு வழியுண்டு.