நாலு காலுக்கும் பிடிமானம்

காலிங் பெல் அடித்ததும் வாசலுக்கு ஓடும் நாயின் பின்னங்கால்களைக் கவனியுங்கள். ஹாலில் திரும்பும் இடத்தில் இடுப்பு ஒரு பக்கம் சரியும், கால்கள் அகன்று விரியும், நகங்கள் டைல்ஸில் கிறீச்சிடும். அது சமாளித்து எழுந்து வாலை ஆட்டிவிடும், நாமும் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கப் போய்விடுவோம். ஆனால் இந்தச் சறுக்கல் தினமும் பலமுறை, வருடக்கணக்கில் நடக்கிறது. அதன் பாரம் முழுவதும் இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் இறங்குகிறது.

வீட்டை நாம் நமது கண்ணுயரத்தில் கட்டுகிறோம். சுவருக்கு என்ன நிறம், சோபாவுக்கு எந்தத் துணி என்றுதான் யோசனை போகிறது. நாய்க்கோ வீடு என்பது தரையும் அதற்கு மேல் இரண்டடியும்தான். செல்லப்பிராணிக்காகச் செலவு செய்ய நினைப்பவர்கள் மெத்தையும் கூடையும் வாங்குவதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று பெரும்பாலான அடுக்ககங்களில் விட்ரிஃபைடு டைல்ஸ்தான். தன் எடையில் 0.5 சதவீதம் தண்ணீரைக்கூட உறிஞ்சாத அளவுக்கு இறுகியது, அதற்கு மேல் கண்ணாடி போல மெருகு வேறு. நாய்க்குப் பிடிமானம் தருவது பாதத்தின் அடியில் உள்ள சொரசொரப்பான தோல் திண்டு. வழுக்கும்போது நாய் இயல்பாகவே நகத்தை ஊன்றும். மண்ணில் நகம் குத்தி நிற்கும். டைல்ஸில் அது முடியாது. நகத்தை ஊன்றுவதால் திண்டும் தரையை விட்டு எழும்பி, இருந்த பிடியும் போய்விடும். கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சு போன்றவற்றுக்கு விரலிடுக்கில் முடி வளர்ந்து திண்டையே மூடிவிடுவதும் உண்டு.

இடுப்பு மூட்டுக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆனால் சூழலுக்கும் அதில் பங்கு இருக்கிறது. நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட நான்கு இனங்களில் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. மூன்று மாதம் ஆவதற்குள் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வெளியே கட்டவிழ்த்து ஓடவிட்ட குட்டிகளுக்குக் குறைவாக இருந்தது.

புதிதாகக் கட்டுபவர்கள் ஹாலுக்கும் மேட் ஃபினிஷ் டைல்ஸ் கேட்டு வாங்கலாம். கட்டி முடித்த வீடென்றால், நாய் வழக்கமாக ஓடும் பாதையில் மட்டும் அடியில் ரப்பர் ஒட்டிய நீள விரிப்பைப் போட்டால் போதும். வெறும் பாய் வேண்டாம், அது நாயோடு சேர்ந்து வழுக்கும்.

அப்படியானால் வீடு முழுக்க விரிப்பு போட்டுவிடலாமா? கூடாது, வெயில் காலம் இருக்கிறதே. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வேர்க்காது. பாதத்தில் மட்டும் சிறிது வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் வழி. நிமிடத்துக்கு 300 தடவை வரை மூச்சு விட்டு, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அந்த ஈரம் எளிதில் ஆவியாகாது. வேர்வை இல்லாத உடம்புக்கு மின்விசிறிக் காற்றும் நமக்குத் தரும் சுகத்தைத் தராது. அதனால்தான் முடி குறைந்த அடிவயிற்றைத் தரையோடு அழுத்தி, கால்களைப் பின்னால் நீட்டிப் படுக்கிறது. தரை அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஓடும் பாதைக்கு விரிப்பு, படுக்கும் மூலைக்கு வெயில் படாத வெறும் தரை என்று பிரித்து வைக்க வேண்டும். பூனையின் கணக்கு இதற்கு நேர்மாறு. 30 டிகிரிக்கு மேல் போனால்தான் அதன் உடம்புக்கு இதமே தொடங்குகிறது. ஏ.சி. அறையை விட்டு வந்து ஃபிரிட்ஜ் மேல் ஏறிப் படுப்பது அதனால்தான்.

தரையில் எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தில் பூனை நடக்கும், பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக விரல்களை விரித்து நக்கும். ஃபீனால் வகை ரசாயனங்களை நமது கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. அதற்கு வேண்டிய முக்கியமான மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் இதுவே காரணம். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, தரை காய்ந்த பிறகு பூனையை உள்ளே விடுவது நல்லது.

அடுத்தது உண்ணி. நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க வல்லது. ஒவ்வொரு பருவத்திலும் நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழும், சந்தில் ஒளிந்து தோல் உரிக்கும், மறுபடி நாயைத் தேடி வரும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது நாயின் மேல் அல்ல. ஸ்கர்ட்டிங்குக்கும் சுவருக்கும் இடையிலான கீறலில், கதவு நிலையின் விரிசலில், கட்டில் சட்டத்தின் மூட்டில். மேல்நோக்கி ஏறும் சுபாவமும் அதற்கு உண்டு, சில வீடுகளில் கூரையோரம் கூட்டமாக இருக்கும். நாயை மட்டும் மருந்து போட்டுக் குளிப்பாட்டினால் பாதி வேலைதான். அது படுக்கும் மூலையைச் சுற்றியுள்ள இடுக்குகளை ஒயிட் சிமெண்டால் அடைத்துவிட வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மருந்து தடவிய நாயோடு ஒட்டிப் படுத்தாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

பால்கனி விஷயத்தில், பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1987-ல் நியூயார்க் விலங்கு மருத்துவமனை ஒன்று, மாடிகளிலிருந்து விழுந்து அங்கே வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அதற்குப் பெரிய ஆதாரம். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. பிழைத்த பலவற்றுக்கும் நெஞ்சிலும் தாடையிலும் கால்களிலும் கடும் காயம். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் தசைக்குள் மிதப்பதால், தலை நுழைகிற சந்தில் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும். வழக்கமான கிரில் இடைவெளி அதற்குத் தாராளம். பால்கனிகளில் கட்டும் புறா வலையும் போதாது. நைலான் நூல் வெயிலில் இற்றுப்போகும், பூனை கடித்தே ஓட்டை போட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலைதான் சரி.

அதே பால்கனியில் சைக்கஸ் தொட்டி இருந்தால் இடம் மாற்றுங்கள், அதன் விதை நாயின் கல்லீரலை அழித்துவிடும். பூங்கொத்தில் வரும் லில்லி பூனையின் சிறுநீரகத்துக்கு எமன், மகரந்தம் ஒட்டிய முடியை நக்கினாலே போதும். மணி பிளான்ட் உயிரை எடுக்காது, வாயைப் புண்ணாக்கும்.

கடைசியாக, வயதான நாய் உள்ள வீட்டு மாடிப்படி. விளிம்பு தெரியட்டும் என்று சிவப்பு நாடா ஒட்டுகிறார்கள். நாயின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டே வகை, அதற்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மங்கல்தான். மஞ்சளும் நீலமும் தெளிவாகத் தெரியும். சொரசொரப்பான மஞ்சள் நாடாவை ஒவ்வொரு படி விளிம்பிலும் ஒட்டி, இரவில் கீழ்ப்படி அருகே ஒரு சிறு விளக்கு எரியவிடுங்கள்.