வெள்ளத்தில் மூழ்கிய கார்களை அறிதல்

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்பது மழைவெள்ளத்தாலோ புயலாலோ உள்ளே நீர் புகுந்து, எஞ்சின், மின் அமைப்பு, உட்பகுதி ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேதமடைந்த காரைக் குறிக்கும். இத்தகைய கார்கள் கழுவி, உலர்த்தி, மெருகேற்றப்பட்டுப் பழைய கார் சந்தைக்கு விற்பனைக்கு வருவதுண்டு. நீரின் பாதிப்பு உடனே தெரியாமல் பல மாதங்கள் கழித்து வெளிப்படுவதால், அதன் இழப்பு பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது.

பின்னணி

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் மழையின்போதும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள வாகன நிறுத்தங்களில் இருந்தவை முழுவதுமாகவே மூழ்கின. இந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிப் பகுதி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர்.

நீர் ஏற்படுத்தும் சேதம்

எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றை அழுத்திச் சுருக்க முடியும். நீரை அவ்வாறு சுருக்க முடியாது. நீர் புகுந்த எஞ்சினை இயக்க முயன்றால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையவோ உடையவோ கூடும்.

மின் அமைப்பில் ஏற்படும் சேதம் இதைவிட மறைவானது. வெள்ளநீரில் சேறும் உப்பும் சாக்கடைக் கழிவும் கலந்திருக்கும். கார் உலர்ந்த பின்னும் இவை கம்பி இணைப்புகளில் தங்கி உலோகத்தை மெல்ல அரிக்கும். இன்றைய கார்களில் ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக் போன்ற பாதுகாப்பு அமைப்புகள் உணரிகளையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் நம்பியே இயங்குகின்றன. அரிப்பு இவற்றைப் பாதித்தால், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகக்கூடும். ஆகவே இது பண இழப்போடு முடியும் செய்தியன்று.

சட்டமும் காப்பீடும்

பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டில் குறிக்கப்பட்ட வாகன மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் கார் முழு இழப்பாகக் கருதப்படுகிறது. இழப்பீடு வழங்கப்பட்ட பின் சேதமடைந்த கார் இருக்கும் நிலையிலேயே ஏலத்தில் விற்கப்படலாம். நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போன வாகனத்தைப் பற்றிப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் ஏலத்தில் வாங்கியவர் அதைப் பழுதுபார்த்து ஓடச் செய்தால், கார் பழைய பதிவு எண்ணோடு மீண்டும் சந்தைக்கு வர வழியுண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உரிமை ஆவணத்திலேயே வெள்ளச் சேதம் குறிக்கப்படுகிறது. இந்தியப் பதிவுச் சான்றிதழில் அத்தகைய குறிப்பு இடம்பெறுவதில்லை. எனவே வாங்குபவரே ஆராய்ந்து அறிய வேண்டியுள்ளது.

காரில் பார்க்க வேண்டிய இடங்கள்

• சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் சுருண்டிருக்கும் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கலாம்.
• டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், துரு, நீர்த்தடம் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.
• இருக்கைகளின் அடியில் உள்ள போல்ட்டுகளும் தண்டவாளங்களும் துருப்பிடித்திருக்கின்றனவா, தரைவிரிப்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.
• டேஷ்போர்டின் கீழுள்ள கம்பி இணைப்புகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அது அரிப்பின் அடையாளம்.
• எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள்.
• கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியை ஓடவிட்டால் பூஞ்சை வாடை வெளிப்படலாம். வாசனைப் பொருள் தூக்கலாக இருந்தாலும் ஐயம் கொள்ள இடமுண்டு.
• சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அது எரியாமலே இருந்தாலும் அணையாமல் இருந்தாலும் சோதனை தேவை.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரலாகாது. கடற்கரை ஊர்களில் ஓடிய கார் வெள்ளம் காணாமலே துருப்பிடிக்கும். பல அடையாளங்கள் சேர்ந்து தெரிந்தால்தான் ஐயம் வலுப்பெறும்.

ஆவணங்களில் பார்க்க வேண்டியவை

ஓர் ஆண்டு இழப்பீடு கோராதவருக்கு, மறு ஆண்டு சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை 'நோ கிளைம் போனஸ்' என்னும் தள்ளுபடி கிடைக்கும். இழப்பீடு பெற்றால் அது சுழியமாகிவிடும். ஒரே உரிமையாளரிடம் பல ஆண்டுகள் இருந்த காரின் பாலிசியில் இத்தள்ளுபடி இல்லையென்றால் காரணம் கேட்க வேண்டும். காப்பீட்டை உரிய காலத்தில் புதுப்பிக்காததும் காரணமாக இருக்கலாம்.

சர்வீஸ் பதிவுகளில், வெள்ளம் வந்த மாதத்தை ஒட்டி எஞ்சின் பாகங்களோ மின்னணுப் பெட்டிகளோ இருக்கைகளோ மாற்றப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது பயன்தரும். அரசின் 'பரிவாகன்' இணையத்தளத்தில் பதிவு நாளையும் காப்பீட்டுக் காலத்தையும் சரிபார்க்கலாம்.

இறுதியாக, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, காரை லிப்டில் தூக்கிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது. சோதனைக்கு விற்பவர் இணங்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.